ராஜதானி போன ஊர்

சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகைக் கூட்டத்தில் பேசும்போது, 'அதிகாரம் காலி செய்த வீட்டில்தான் கலை குடிவரும். கல்கத்தாவே அதற்குச் சாட்சி' என்று சொன்னேன். இருபது பேருக்கு மேல் இல்லாத கூட்டம். ஆனாலும் கைதட்டல் பலமாக இருந்தது. பிறகு இரண்டு நண்பர்கள் தங்கள் கட்டுரைகளில் அந்த வாக்கியத்தை எடுத்தாண்டார்கள். ஒருவர் என் பெயரைப் போட்டார், மற்றவர் போடவில்லை. இருவர் மீதும் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் அந்த வாக்கியத்தின் மீதுதான். அது சரியில்லை என்பது சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதையும், இப்போது எனக்கு எது சரியென்று படுகிறது என்பதையும் எழுதிவிடுவது நல்லது.

முதலில் நடந்தது என்ன என்று பார்க்கலாம். 1911 டிசம்பர் 12-ம் தேதி டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இரண்டு அறிவிப்புகளைச் செய்தார். 1905-ல் கர்ஸன் இரண்டாக வெட்டிய வங்காளம் மறுபடி சேர்க்கப்படும். இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றப்படும். வங்காளிகளுக்குக் கேட்டது கிடைத்தது. கேட்காதது ஒன்றும் கூடவே நடந்துவிட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் இதற்கான காரணங்கள் இருக்கின்றன. கல்கத்தா நாட்டின் ஒரு கோடியில் இருக்கிறது. மத்திய சர்க்காரும் மாகாண சர்க்காரும் ஒரே ஊரில் இருப்பது சரிப்படவில்லை. கடிதத்தில் நாசூக்காகச் சொல்லப்பட்டதன் சாரம், இந்த ஊர்க்காரர்களின் சத்தம் தாங்க முடியவில்லை என்பதுதான். விஷயம் கடைசிவரை ரகசியமாக வைக்கப்பட்டது. கல்கத்தாவின் ஐரோப்பிய வர்த்தகர்கள் கொதித்தார்கள். கர்ஸன் லண்டனில் பிரபுக்கள் சபையில் எதிர்த்துப் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருப்பது விக்டோரியா நினைவு மண்டபம். அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டியது 1906 ஜனவரியில். நாட்டியவர் அப்போது இளவரசராக இருந்த இதே ஐந்தாம் ஜார்ஜ். ஐந்து வருஷம் கழித்து அவர் வாயாலேயே ஊர் தலைநகரம் இல்லை என்றாயிற்று. ஆனாலும் கொத்தனார்கள் வேலையை நிறுத்தவில்லை. மக்ரானாவிலிருந்து வெள்ளைச் சலவைக்கல் வந்துகொண்டே இருந்தது. 1921-ல் திறந்து வைத்தார்கள். ராஜதானிக்கென்று கட்டத் தொடங்கிய மண்டபத்தை, ராஜதானியாக இல்லாத ஊரில் முடித்தார்கள். இன்றும் உல்லாசப் பயணிகள் கல்கத்தா என்றதும் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள்.

நான் 1973-ல் மத்திய சர்க்கார் கணக்கு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகக் கல்கத்தாவில் போய் இறங்கினேன். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ஸில் ஜாகை. அந்த வட்டாரத்தில் நம்மவர்கள் வெகு காலமாக இருந்தார்கள். ஸ்டெனோகிராபர்கள், கணக்கர்கள், கம்பெனி ஆபீஸ்களில் டைப் அடிக்க வந்தவர்கள். முருங்கைக்காயும் வாழையிலையும் கிடைக்கும். வறுத்து அரைத்த காபிப்பொடி கிடைக்கும். வங்காளம் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளாமல் முப்பது வருஷம் அங்கே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்களை எனக்குத் தெரியும். நான் கற்றுக்கொண்டேன். காரணம் இலக்கிய ஆர்வம் என்று அப்போது சொல்லிக்கொள்வேன். உண்மையில் காரணம் எங்கள் பொடோபாபு.

பொடோபாபு என்றால் பெரிய பாபு, தலைமைக் குமாஸ்தா. அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. மெலிந்த தேகம். பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள்கூட மேஜையில் ஒரு காகிதம் மிச்சமில்லாமல் எழுந்து போகிறவர். வட கல்கத்தாவில் ஷ்யாம்பஜார் பக்கம் ஒரு சந்தில் பூர்வீக வீடு. முதல் தடவை என்னை அங்கே அழைத்துப் போனபோது கூடத்து மூலையில் ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். அவருடைய தாத்தாவின் பெட்டி. தாத்தா இந்திய சர்க்காரின் தலைமைச் செயலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பெட்டியின் ஒரு பக்கத்தில் அவர் பெயரும் 'சிம்லா' என்றும் பெயிண்ட்டில் எழுதியிருந்தது. மறுபக்கத்தில் 'கல்கத்தா' என்றிருந்த இடத்தை அடித்துவிட்டு அதன் மேல் 'டெல்லி' என்று எழுதியிருந்தது. அடியிலிருந்த பழைய எழுத்துக்கள் இன்னும் தெரிந்தன.

'எங்கள் தாத்தாவுக்குத் தலைநகரம் என்பது ஊர் இல்லை, இந்தப் பெட்டிதான். பெட்டி போகிற இடம் தலைநகரம்' என்றார்.

இதில் ஹாஸ்யம் மட்டும் இல்லை. 1864 முதல் வருஷா வருஷம் கோடை தொடங்கியதும் இந்திய சர்க்கார் மூட்டை கட்டிக்கொண்டு சிம்லாவுக்குப் போய்விடும். வைஸ்ராய், கவுன்ஸில், கோப்புகள், குமாஸ்தாக்கள் எல்லாம் போவார்கள். குளிர்காலத்தில்தான் திரும்பி வருவார்கள். ஆக, 1911-ல் கல்கத்தா இழந்தது வருஷத்தில் பாதிகூட இல்லாத ஒரு ஸ்தானத்தை. 'போயிற்று, போயிற்று' என்று மூன்று தலைமுறையாகப் புலம்பிய ஊரில், போனது குளிர்கால வாடகைக்காரர் ஒருவர்தான் என்று பொடோபாபு சொல்லிச் சிரிப்பார். தாத்தா 1912-ல் டெல்லிக்குப் போனார். தற்காலிகத் தலைநகரத்தின் குமாஸ்தாக்களுக்காகத் திமார்பூரில் குடியிருப்புகள் எழும்பின. கல்கத்தாவிலிருந்து போன பாபுக்கள் 1914-லேயே அங்கே துர்கா பூஜை ஆரம்பித்துவிட்டார்கள். ஓய்வு பெற்றதும் தாத்தா பெட்டியோடு ஷ்யாம்பஜாருக்குத் திரும்பி வந்தார். கடைசிவரை டெல்லியைத் 'தற்காலிகம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ராஜதானி போனதும் கல்கத்தா உடனே சோர்ந்துவிட்டது என்று நினைப்பது தவறு. அடுத்த சில வருஷங்களில் வந்த முதல் உலகப் போரில் சாக்குப் பைகளுக்கு இருந்த தேவையால் சணல் ஆலைகள் கொள்ளை லாபம் பார்த்தன. துறைமுகம் இருந்தது. நிலக்கரி, தேயிலை, சணல் மூன்றும் இங்கிருந்துதான் ஆளப்பட்டன. கவர்னர் ஜெனரல் இருந்த மாளிகையில் வங்காள கவர்னர் குடியேறினார். 1943-ல் ஹௌரா பாலம் திறக்கப்பட்டபோதுகூட இதை நொடித்த ஊர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரை நொடிக்க வைத்தவை வேறு. 1943-ன் பஞ்சம், 1946 ஆகஸ்டின் கொலைகள், 1947-ன் பிரிவினை. பிரிவினையில் சணல் ஆலைகள் இந்தப் பக்கமும் சணல் வயல்கள் அந்தப் பக்கமும் போயின. லட்சக்கணக்கில் அகதிகள் ஸியால்தா ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். 1950-களில் மத்திய சர்க்கார் கொண்டுவந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையில், இரும்பும் நிலக்கரியும் நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கலாயின. சுரங்கங்களுக்குப் பக்கத்தில் இருப்பதால் கிழக்குப் பகுதிக்கு இருந்த இயற்கையான சாதகம் அதோடு போயிற்று. அது 1990-களின் தொடக்கம் வரை நீடித்தது. ஹூக்ளி நதி மண் தூர்ந்துகொண்டே வந்தது. 1960-களின் கடைசியில் கெராவோக்களும் நக்ஸல்பாரிக் காலமும் வந்தன. கம்பெனிகளின் தலைமை அலுவலகங்கள் ஒவ்வொன்றாகப் பம்பாய்க்கும் டெல்லிக்கும் போயின. 1985-ல் ராஜீவ் காந்தி இதைச் செத்துக்கொண்டிருக்கும் நகரம் என்றபோது ஊரே கோபித்துக்கொண்டது. நான் அப்போது டெல்லியில் இருந்தேன். டெல்லியில் இருந்துகொண்டு நானும் கோபித்துக்கொண்டேன்.

சர்க்கார் போன பிறகான கல்கத்தாவில் நடந்த பெரிய காரியங்களைப் பட்டியல் போட்டால் என் பழைய வாக்கியம் நிரூபணமாவது போலத்தான் இருக்கும். 1913-ல் தாகூருக்கு நோபல் பரிசு. அசுதோஷ் முகர்ஜியின் பல்கலைக்கழகம். 1931-ல் சுதீந்திரநாத் தத்தாவின் 'பரிசய்', 1935-ல் புத்ததேவ போஸின் 'கவிதா', 1953-ல் 'கிருத்திபாஸ்'. 1955-ல் 'பாதேர் பாஞ்சாலி'. நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. சி.வி. ராமன் 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தவர். அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு 210-ம் எண் கட்டிடத்தில் இருந்த விஞ்ஞானச் சங்கத்தில் பரிசோதனைகள் செய்துவந்தார். 1917-ல் சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டுப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28-ம் தேதி அந்தச் சங்கத்தில்தான் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது. கே.எஸ். கிருஷ்ணன் கூட இருந்தார். அதிகாரம் டெல்லிக்குப் போயிற்று, அதிகாரி ஆராய்ச்சிக்குப் போனார் என்று நான் கூட்டத்தில் சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள்.

சொல்லாமல் விட்டது இது. அந்த விஞ்ஞானச் சங்கம் 1876-ல் மகேந்திரலால் ஸர்க்கார் என்கிற டாக்டர் தொடங்கியது. ராமன் ஏற்ற பேராசிரியர் பதவிக்குப் பணம் கொடுத்த தாரக்நாத் பாலித் ஒரு வக்கீல். அவரைப் போலவே விஞ்ஞானக் கல்லூரிக்கு அள்ளிக் கொடுத்த ராஷ்பிஹாரி கோஷும் வக்கீல். ராஜதானியின் ஹைகோர்ட்டில் வாதாடி, ஜமீன்தார்களின் வழக்குகளில் சம்பாதித்த பணம் அது. அதிகாரம் இருந்த காலத்தில் சேர்ந்த பணம், அது போன பிறகு செலவாயிற்று. அவ்வளவுதான். இதில் அதிகாரமின்மையின் மகிமை எங்கே இருக்கிறது?

1975-ல் ஒருநாள் டிபன் வேளையில் பொடோபாபுவிடம் இந்த வாக்கியத்தின் முதல் வடிவத்தைச் சொன்னேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலேஜ் தெருக் காபி ஹவுஸில் போய் உட்காருவேன். பழைய ஆல்பர்ட் ஹாலில் 1942-ல் தொடங்கிய காபிக்கடை. மேஜைக்கு ஒரு பத்திரிகை, பத்திரிகைக்கு ஒரு கோஷ்டி. அந்த மயக்கத்தில் சொன்னேன். அவர் பொட்டலத்திலிருந்த பொரியை மென்று முடித்தார். பிறகு சொன்னார்:

'மொஷாய், 43-ல் எனக்கு உங்கள் வயசு. எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் சோறு கேட்கவில்லை. வடித்த கஞ்சியைக் கேட்டார்கள். சோறு கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். அம்மா ஊற்றுவாள். இரண்டு நாள் வருவார்கள். மூன்றாம் நாள் வேறு ஆள் வருவான். நீங்கள் சொல்கிற காலி வீட்டு வாசல் அதுதான்.'

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தார்.

அந்தப் பஞ்சத்தில் வங்காளத்தில் இருபது முதல் முப்பது லட்சம் பேர் செத்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் கிராமங்களிலிருந்து நடந்து வந்து கல்கத்தாத் தெருக்களில் செத்தவர்கள். அப்போது வைஸ்ராய் லின்லித்கோ டெல்லியில் இருந்தார். பஞ்சம் தலைவிரித்தாடிய அந்த மாதங்களில் அவர் ஒரு தடவைகூட வங்காளத்துக்கு வரவில்லை. அக்டோபரில் அவருக்குப் பின் பதவிக்கு வந்த வேவல், வந்த சில நாட்களிலேயே கல்கத்தாவுக்கு வந்து தெருக்களைப் பார்த்தார். நிவாரணத்துக்குப் பட்டாளத்தை இறக்கினார். தலைநகரம் என்பது வெறும் கௌரவமா, இல்லையா என்ற கேள்விக்கு இதைவிடக் கொடூரமான பதில் கிடையாது. 1911-க்கு முன்னால் என்றால் அந்தப் பிணங்கள் வைஸ்ராயின் மாளிகை வாசலில் அல்லவா கிடந்திருக்கும்? பார்க்காமல் இருக்க முடிந்திருக்குமா?

வெகுநாள் இதைத்தான் நம்பினேன். பிறகு 1866-ல் ஒரிஸ்ஸாவில் நடந்த பஞ்சத்தைப் பற்றிப் படித்தேன். அப்போது தலைநகரம் கல்கத்தாதான். ஒரிஸ்ஸா அந்த வங்காள மாகாணத்தின் ஒரு பகுதி. லெப்டினன்ட் கவர்னர் நேரில் கட்டக்குக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். அரிசி மட்டும் நேரத்துக்குப் போகவில்லை. பத்து லட்சம் பேர், ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு, செத்துப்போனார்கள். ஆகவே அதிகாரம் பக்கத்தில் இருந்தால் காப்பாற்றும் என்பதும் இல்லை. அது தூரப்போனால் கலை தளிர்க்கும் என்பதும் இல்லை. இரண்டுமே, நடந்துவிட்டதற்கு அர்த்தம் வேண்டும் என்று நாம் துடிக்கும்போது செய்துகொள்கிற ஏற்பாடுகள்.

பஞ்சத்திலிருந்தும் கலை வந்தது. ஜைனுல் ஆபிதீன் மையும் தூரிகையுமாக வரைந்த சித்திரங்கள் வந்தன. 1944-ல் பிஜன் பட்டாச்சார்யாவின் 'நபான்ன' நாடகம் வந்தது. வந்தது என்பதால் பஞ்சத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடாது. இதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் 'வீழ்ச்சி', 'இழப்பு', 'நொடிப்பு' என்று கொஞ்சம் மென்மையான வார்த்தைகளைப் போட்டுவிட்டால் அதே தர்க்கத்தை நாம் கூசாமல் பேசுகிறோம். நான் பேசினேன்.

பொடோபாபு சொன்னதன் பேரில் ஒரு தடவை முர்ஷிதாபாத் போனேன். கல்கத்தா எந்த ஊரின் முதுகில் ஏறித் தலைநகரமாயிற்றோ அந்த ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் முர்ஷித் குலி கான் டாக்காவிலிருந்து திவானியைப் பெயர்த்து வந்து பாகீரதிக் கரையில் வைத்து, தன் பெயரையும் அதற்குச் சூட்டினார். 1772-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கஜானாவை அங்கிருந்து கல்கத்தாவுக்குத் தூக்கிவந்தார். ராஜதானி போன ஊர்தான் இதுவும். இங்கே என்ன குடிவந்தது? மாந்தோப்புகள், பட்டு நெசவு, குதிரை வண்டிகள், அடுக்கடுக்காகச் சமாதிகள். 1837-ல், ஆள்வதற்கு எதுவுமில்லாமல் கம்பெனியிடம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்த நவாப் கட்டி முடித்த அரண்மனை ஒன்று இருக்கிறது. ஹஸார்துவாரி, ஆயிரம் வாசல். அதில் நூறு வாசல் போல வெறும் தோற்றம். சுவரில் கதவு மாதிரி செய்து வைத்தவை. வழிகாட்டி எது நிஜம் எது பொய் என்று எங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார். நான் பொய்க் கதவு ஒன்றைத் தள்ளிப் பார்த்தேன்.

ஒரே காரணம் இரண்டு ஊர்களில் வெவ்வேறு பலனைத் தந்திருக்கிறது என்றால் அது காரணமே இல்லை. முர்ஷிதாபாத்துக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். நவாப் போனதும் முர்ஷிதாபாத்தில் மிஞ்சியவை அரண்மனையும் மசூதியும். வைஸ்ராய் போனதும் கல்கத்தாவில் மிஞ்சியவை துறைமுகம், ஹைகோர்ட், பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், நில ஆய்வுத் துறை, டிராம், தெருவுக்குத் தெரு அச்சுக்கூடம், முக்கியமாக மாசச் சம்பளம் வாங்கும் பல்லாயிரம் பேர். கோப்புக்கும் நோட்டீஸுக்கும் பாடப் புத்தகத்துக்கும் என்று வந்த அச்சு எந்திரங்கள், வேலை குறைந்த நேரத்தில் கவிதையும் அடித்துக் கொடுத்தன. பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வந்துவிடுகிற உத்தியோகஸ்தன் மாலையில் அந்தக் கவிதையைத் திருத்தினான். அதிகாரம் இல்லாததால் வந்த இலக்கியம் அல்ல இது. அதிகாரம் தன் சௌகரியத்துக்காகச் செய்துவைத்து, எடுத்துப்போக முடியாமல் விட்டுப்போன சாமான்களை வைத்துச் செய்த இலக்கியம். அந்தச் சாமான்களும் தீர்ந்தால் அதுவும் தீரும்.

டாக்காவையும் சேர்த்துக்கொள்ளலாம். 1905-ல் கிழக்கு வங்காளத்துக்குத் தலைநகராகி, அதே 1911 தர்பார் அறிவிப்பில் அதை இழந்த ஊர் டாக்கா. ஒரே அறிவிப்பில் இரண்டு ராஜதானிகள் போயின என்பதைக் கல்கத்தாவில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. டாக்காவுக்கு ஈடாக ஒரு பல்கலைக்கழகம் கொடுத்தார்கள், 1921-ல். சத்யேந்திரநாத் போஸ் அங்கிருந்துதான் 1924-ல் ஐன்ஸ்டீனுக்குக் கட்டுரை அனுப்பினார். 1952 பிப்ரவரி 21-ம் தேதி தங்கள் மொழிக்காக அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் துப்பாக்கிக்கு முன்னால் நின்றார்கள். 1971-ல் ஊர் ஒரு தேசத்துக்கே தலைநகராயிற்று. இழப்பு கொடுத்த பலன் என்று இதைச் சொல்ல முடியாது. கட்டிடமும் சம்பளமும் நூலகமும் கொடுத்த பலன்.

அப்படியானால் நான் ஏன் அந்த வாக்கியத்தைச் சொன்னேன், நம்மவர்கள் ஏன் கைதட்டினார்கள்? சுலபமான பதில்தான். முந்நூறு பிரதி அடித்து, நூற்றைம்பது பேருக்குத் தபாலில் அனுப்பி, நாற்பது பேரிடம் சந்தா வசூலிக்க முடியாத நமக்கு, நம் பலவீனமே நம் தகுதி என்று யாராவது சொன்னால் இனிக்கிறது. 1959-ல் 'எழுத்து' தொடங்கிய காலத்திலிருந்து இந்த இனிப்பு நம் நாக்கில் இருக்கிறது. சிறுபான்மையாக இருப்பது சில சமயம் தவிர்க்க முடியாதது. சில சமயம் அவசியமும்கூட. ஆனால் அதுவே ஒரு மதிப்பாகிவிடாது. பிரதி விற்காததற்கு நாம் சொல்லும் காரணங்களில் பாதி, ராஜதானி போன ஊர்க்காரன் தன் பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் காரணங்கள்தான்.

இன்னொரு பதில் எனக்கு மட்டும் உரியது. 1976-ல் எங்கள் பிரிவை டெல்லிக்கு மாற்ற உத்தரவு வந்தது. போக விருப்பமா இல்லையா என்று எழுதித் தர ஒரு படிவம் கொடுத்தார்கள். டெல்லி என்றால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், சீக்கிரம் பதவி உயர்வு வரும். இரண்டு நாள் யோசித்ததாக எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் அன்று மாலையே 'விருப்பம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பொடோபாபுவுக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அவர் 'விருப்பமில்லை' என்று எழுதினார். அதே கட்டிடத்தில் வேறொரு பிரிவில் போட்டார்கள். தலைமை ஸ்தானம் போயிற்று. ஜன்னலோரம் இல்லாத மேஜை. நான் கிளம்பிய அன்று ஹௌராவுக்கு வந்து ரயிலேற்றிவிட்டார். என் பெட்டியைப் பார்த்து, 'பெயர் எழுதவில்லையா?' என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆக, அதிகாரம் காலி செய்த வீட்டைப் பற்றி மேடையில் உருகியவன், அதிகாரத்தின் பெட்டியோடு போனவன். இருபத்தெட்டு வருஷம் டெல்லியில் இருந்தேன். அங்கிருந்துகொண்டு கல்கத்தாவைப் பற்றி எழுதினேன். சு. கிருஷ்ணமூர்த்தியின் மொழிபெயர்ப்பில் 'நீலகண்டப் பறவையைத் தேடி' படித்துவிட்டுப் பலருக்குக் கடிதம் போட்டேன். கல்கத்தா தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்தால்தான் அதைப் பற்றிய என் உருக்கம் செல்லுபடியாகும். அந்த வாக்கியத்தில் ஊர் மீது இருந்த பிரியத்தைவிட, போனதற்கு நான் தேடிய சமாதானம்தான் அதிகம். அது தோற்றது நல்லதற்குத்தான் என்று சொல்லிவிட்டால், நான் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை அல்லவா?

ஒரு விஷயம் டெல்லிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஜீவனானந்த தாஸ் 1954 அக்டோபரில் டிராம் மோதி அடிபட்ட இடம், ராஷ்பிஹாரி அவென்யூவில் தேசப்பிரிய பூங்கா அருகே. என் மெஸ்ஸிலிருந்து நடக்கிற தூரம். மூன்று வருஷம் தினமும் அந்தத் தண்டவாளத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். பிரிவினையில் பரிஸாலை இழந்து, உத்தியோகத்துக்கு அலைந்து, அச்சேறாத கையெழுத்துப் பிரதிகளைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன கவி அவர். அவரிடம் போய் நொடிப்பு இலக்கியத்துக்கு நல்லது என்று சொல்லியிருக்க முடியுமா?

சில வருஷங்களுக்கு முன் மறுபடி போனேன். ஊர் 2001-லேயே கொல்கத்தா ஆகிவிட்டது. டிராம்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. டல்ஹௌஸி சதுக்கத்தில் ரைட்டர்ஸ் கட்டிடம் கோப்புகள் இல்லாமல் நின்றது. கம்பெனி காலத்துக் குமாஸ்தாக்களுக்காகக் கட்டப்பட்டு, பிறகு மாகாண சர்க்காரின் தலைமையகமாக இருந்த கட்டிடம். 2013 அக்டோபரில் மாநில சர்க்காரும் அங்கிருந்து கிளம்பி ஆற்றைத் தாண்டி ஹௌராவில் ஒரு புதுக் கட்டிடத்துக்குப் போய்விட்டது. அந்தக் கட்டிடத்தின் பெயர் நபான்ன. புத்தரிசிப் பண்டிகையின் பெயர். பஞ்ச நாடகத்தின் பெயரும் அதுதான். நடைபாதையில் சாப்பாடு விற்றுக்கொண்டிருந்தவரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். 'பாபுக்கள் அக்கரைக்குப் போய்விட்டார்கள்' என்றார். கலை குடிவந்ததா என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

கடைசியாக டேமர் லேனுக்குப் போனேன். காலேஜ் தெருவுக்குப் பக்கத்தில் குறுகிய சந்து. அங்கே சந்தீப் தத்தா என்ற பள்ளி ஆசிரியர் 1978-ல் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் சிறுபத்திரிகைகளுக்கென்றே ஒரு நூலகம் தொடங்கினார். 2023-ல் காலமானார். அதைத் தொடங்கிய காரணத்தை அவரே சொல்லியிருக்கிறார். 1972-ல் தேசிய நூலகத்தில் சிறுபத்திரிகைகள் கழித்துக் கட்டுவதற்காகக் குவித்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தாராம். தேசிய நூலகம் இருப்பது பெல்வெடேர் மாளிகை வளாகத்தில். லெப்டினன்ட் கவர்னர்கள் வாழ்ந்த மாளிகை. ராஜதானி போன பிறகு வைஸ்ராய் குளிர்காலத்தில் வந்து தங்கிப்போன மாளிகை. அதிகாரம் காலி செய்த வீடு என்று கல்கத்தாவில் எதையாவது காட்டச் சொன்னால் அதைத்தான் காட்ட வேண்டும். அங்கேதான் சிறுபத்திரிகைக்கு இடமில்லாமல் போயிற்று. இடம் கிடைத்தது சம்பளக்காரர் ஒருவரின் சொந்த வீட்டுக் கீழ்த்தளத்தில், ஈரம் ஏறிய சுவர்களுக்கு நடுவில், அலமாரி அலமாரியாக. அவர் யாரும் காலி செய்வதற்காகக் காத்திருக்கவில்லை. தான் குடியிருந்த வீட்டிலேயே இடம் ஒதுக்கினார்.

ஷ்யாம்பஜாருக்கும் போனேன். பொடோபாபு இறந்து வெகு காலமாகிவிட்டது. சந்தில் அந்த வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டிடம் நின்றது. அவர் பேரன் இரண்டாம் மாடியில் இருக்கிறான். பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறேன் என்றான். தகரப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். வீட்டை இடித்தபோது பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்களாம். 'ஏன், அதில் ஏதாவது இருந்ததா?' என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.